கத்தாழை நார்க் கயிறு

என் வயதுக்காரர்களில் யாராவது கத்தாழை நாரைத் தொடையில் வைத்துத் திரித்திருக்கிறீர்களா? திரித்திருந்தால் அந்த அரிப்பு இன்னும் நினைவிருக்கும். மடலை வெட்டிக் குட்டைத் தண்ணீரில் போட்டு, மேலே கல்லை ஏற்றி, பத்து நாளாவது ஊறவிட வேண்டும். நாற்றம் தெருமுனை வரை வரும். பிறகு கல்லில் அடித்து அலசினால் வெள்ளை வெளேரென்று நார் பிரியும். நன்றாக அலசாமல் அவசரப்பட்டுத் திரித்தால் இரண்டு நாளைக்குத் தொடையைச் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். எனக்கு எப்போதும் அவசரம். ஆகவே எப்போதும் சொறிந்துகொண்டிருந்தேன்.

விழுப்புரம் பக்கம், காணைக்கு மேற்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. அப்பா கரும்பு வெட்டுவார், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். நான் எட்டாவது படித்தேன். பள்ளிக்கூடம் காணையில், ஏரிக்கரை மேல் நடந்து போய் வர வேண்டும். போகும்போது மாணவி, திரும்பும்போது காட்டுவாசி. அதற்கான சாமான்களை ஏரிக்குள் ஒரு கருவேல மரப் பொந்தில் வைத்திருந்தேன்.

சாமான்கள் என்று சொல்வது சும்மா பெருமைக்கு இல்லை. உரச் சாக்கை வெட்டி நானே தைத்த ஒரு தோள்பை. அதற்குள் ஒரு கத்தி. அப்பாவுடைய கரும்பு வெட்டுக் கத்தி பாதியில் ஒடிந்தபோது அவர் கூரை மேல் வீசிய துண்டு அது. அதன் அடிமுனையைப் பழுக்கக் காய்ச்சி ஒரு கருவேலங் கட்டைக்குள் இறக்கிப் பிடி போட்டேன். கட்டை புகைந்து வந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. மருந்து பாட்டிலுக்குள் தீக்குச்சியும் உரசுகிற பட்டையும், நனையாமல் இருக்க. தூண்டில் முள்ளும், மிதப்புக்கு ஏரியில் விளைகிற நெட்டித் தண்டும். கம்பியால் வளையம் போட்ட ஒரு பால் பவுடர் டின். அப்புறம் அந்தக் கயிறு, எட்டு முழம்.

கயிற்றின் ஒரு முனையில் ஒரு சுருக்குப் போட்டிருந்தேன். டின்னின் கழுத்தில் மாட்டி இழுத்தால் இறுகும், தளர்த்தினால் விடும். கழனிக் கிணற்றில் டின்னை இறக்கித் தண்ணீர் மொள்ளுவதற்கு அது. அந்த ஒரு சுருக்கு சரியாக விழ எத்தனை நாள் ஆனது என்று கேட்காதீர்கள். இறுகினால் அவிழாது, அவிழ்ந்தால் டின் கிணற்றுக்குள். இரண்டு டின்களைப் பறிகொடுத்த பிறகுதான் கைவந்தது.

பள்ளி விட்டதும் கருவேல நிழலில் ஓலையைச் சாய்த்து ஒரு சாய்ப்பு போடுவேன். கெண்டை கிடைத்தால் சுடுவேன், கிடைக்காவிட்டால் யார் கொல்லையிலாவது பிடுங்கிய மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், சுடுவேன். டின்னில் தண்ணீர் கொதிக்க வைத்து ஒன்றும் போடாமல் குடிப்பேன். அதில் ஒரு புகை ருசி உண்டு. வேறு ஒரு காரியமும் இல்லை. கால்களை நீட்டிக்கொண்டு கொக்குகளைப் பார்ப்பதுதான். என் வாழ்க்கையில் யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்த இடம் அது ஒன்றே.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்து ஏரி பாதி நிரம்பியிருந்தது. தண்ணீர் மரத்தடிக்கு வந்துவிட்டதால் பொந்திலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பாவாடையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“அடியே, அங்கியே நில்லு. எத்தையும் தொடாத. உள்ள வராத.”

அப்படியே நின்றேன், தோளில் பையோடு.

வயதுக்கு வந்த பெண்ணைப் பச்சை ஓலைக் குடிசையில் தனியாக உட்கார வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உங்களில் பலர் உட்கார்ந்திருப்பீர்கள். தாய்மாமன் வந்து குடிசை கட்ட வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய். பெண்ணையும் தொடக் கூடாது, அவள் தொட்டதையும் தொடக் கூடாது. பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மாமனே குடிசையைப் பிரித்து, உள்ளே புழங்கின எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்த வேண்டும். இந்த வழக்கத்தால்தான் என் பை பிழைத்தது. தீட்டுப்பட்டது என்று அதை யாரும் தொடவில்லை. குடிசைக்குள் என்னோடு வந்துவிட்டது. கடைசியில் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை.

மாமாவுக்கு விழுப்புரத்தில் சைக்கிள் கடையில் வேலை. பஞ்சர் ஒட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவார். ஓலை முடைய வராது, முடிச்சுப் போடவும் வராது. கொல்லை மூலையில் நாலு கம்பு நட்டு, குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு, கயிற்றுக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினார். நான் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, ரப்பரு தொவண்டுக்கும். ஓல கனம் தாங்காது,” என்றேன்.

“ஒனக்கு இன்னா தெரியும்? லாரி டயரையே தாங்குது இது,” என்றார்.

அம்மா வாசலில் வேப்பிலையும், காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க ஓர் அரிவாளும் வைத்தாள். இரும்பு இருந்தால் எதுவும் கிட்டே வராதாம். என் பைக்குள் நல்ல இரும்பாகவே இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். உள்ளே போகும்போது அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“பதினாறு நாளுதான்டி. அப்பறம் நானே ஒன்ன இஸ்கூலுக்கு இட்டுக்கினு போறேன். அப்பா கிட்ட நான் பேசிக்கறேன்.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

உள்ளே நடுவில் தவிர வேறு எங்கே நிமிர்ந்தாலும் தலை இடிக்கும், நீட்டிப் படுத்தால் கால் வெளியே போகும். பச்சை ஓலைக்குள் பகலில் ஒரு வேக்காடு இருக்கும். கேப்பைக் களியும் உளுந்தங் களியும் நல்லெண்ணெயும் மாறி மாறி வரும். விழுங்க விழுங்க வயிறு உப்பும். எண்ணெய் வாசனை பாயில், பாவாடையில், தலையில். நாள் கணக்கு மறக்காமல் இருக்க ஒரு ஓலைக் காம்பில் கத்தியால் கீறல் போட்டேன். ஏரி இருக்கிற திசையில் ஓலையை விலக்கி ஒரு கண் அளவுக்கு ஓட்டை போட்டேன். அதில் தெரிந்தது பக்கத்து வீட்டு வைக்கோல் போர்தான். இருந்தாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் அப்பாவும் மாமாவும் கொல்லையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓலைச் சுவருக்குக் காது உண்டு என்று ஆண்களுக்குத் தோன்றவில்லை.

“மச்சான், நீ கேக்கறதுல தப்பு ஒண்ணும் இல்ல. மொறதான? இஸ்கூலு போதும். தை மாசம் முடிச்சிடலாம்,” என்றார் அப்பா.

எனக்குப் பதின்மூன்று வயது. ரப்பரால் குடிசை கட்டுகிற மனிதரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும். என்ன பேசினேன் என்று யோசிக்கவில்லை, கத்தினேன்.

“யாரும் என்ன கேக்க வேணாமா? இதுக்குள்ள குந்திக்கினு இருக்கறதுக்கு நான் செத்தே போலாம்!”

“வாயக் கழுவுடி,” என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். பிறகு வெகுநேரம் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போதுதான் கவனிக்கிறேன்.

எட்டாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. ஓலை நனைந்து கனத்தது. நான் சொன்ன மாதிரியே ரப்பர் துவண்டு, முகட்டு மூங்கில் என் தலைக்கு இறங்கியது. மாமாவைக் கூப்பிடலாம் என்றால் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. களி கொண்டு வந்து வைத்த கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். கத்தியால் ரப்பரை அறுத்தேன். மூங்கிலைத் தோளால் முட்டி உயர்த்தி, என் கயிற்றைக் கொண்டு கம்போடு சேர்த்து வரிந்து கட்டினேன். கல்லுபோல நின்றது. சுற்றியது போக மிச்சக் கயிறு, சுருக்கு முனையோடு நடுவில் தொங்கியது. அந்த இடத்தில் ஒழுகியது, நல்லதாகப் போயிற்று என்று சுருக்கில் டின்னை மாட்டித் தொங்கவிட்டேன். சொட்டுச் சொட்டாக டின் நிறைந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தேன். ஓலை வாசனையோடு, கொஞ்சம் கசந்தது. எட்டு நாளில் அன்றுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக் கொல்லையில், காவலுக்குள் நான் என் ஏரிக்கரையை உண்டாக்கிவிட்டேன் அல்லவா?

காலி டின்னைப் பக்கத்தில் உருட்டிவிட்டு, அலுப்பில் அப்படியே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது மத்தியானம். குடிசை வாசலில் தட்டு கவிழ்ந்து சோறு மழையில் கரைந்துகொண்டிருந்தது. அம்மா சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு எதிரே சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் வாசல் அரிவாள் இருந்தது. அதை ஏன் எடுத்தாள் என்று புரியவில்லை. காத்துக் கருப்பு பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாளா?

“இன்னாம்மா மழையில குந்திக்கினு இருக்க?”

“ஒண்ணும் இல்ல. நீ தூங்கு.”

அந்த நேரத்தில்தான் ஊரே கூச்சல் போட்டுக்கொண்டு ஓடியது. ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கலில் வழிகிறது என்றார்கள். வருஷத்துக்கு ஒரு நாள். வழிகிற தண்ணீரை எதிர்த்து மீன் துள்ளி ஏறும், கையால் பிடிக்கலாம். போன வருஷம் பாவாடை நிறையப் பிடித்து வந்தவள் நான். ஓட்டை வழியாகப் பார்த்தேன், வைக்கோல் போர். திரும்பிப் பார்த்தேன், அம்மா. பொழுது சாயும்வரை அவள் அசையவில்லை. நான் கலங்கலுக்கு ஓடிவிடுவேன் என்று காவல் காக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அவளை அப்படி வெறுத்தேன்.

மறுநாள் காலை அம்மா மாமாவைக் கூப்பிட்டாள்.

“கொளுத்துடா குடிசைய.”

“இன்னாக்கா, பதினாறு நாளுன்ன. இன்னும் ஏழு நாளு இருக்குதே?”

“மழையில பொண்ணு வெறைச்சிக்கும். தண்ணி ஊத்தியாச்சின்னு வச்சிக்க. ஜல்தி கொளுத்து.”

என்னை வெளியே இழுத்தாள். தீட்டும் கழியாமல், தண்ணீரும் ஊற்றாமல், அவள் கையாலேயே என்னைத் தொட்டு இழுத்தாள். ஈர ஓலை எங்கே பிடிக்கும்? மாமா மண்ணெண்ணெயை ஊற்றினார். புகைந்தது, ரப்பர் கருகி நாறியது, அப்புறம் பற்றியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“என் பை! அம்மா, உள்ள என் பை!”

பாய்ந்தேன். அம்மா இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. “போவட்டும். எல்லாம் போவட்டும்டி,” என்று என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். என் கயிறு முறுக்குப் பிரிந்து எரிவதை நான் பார்த்தேன். கத்தி மட்டும் மிஞ்சும், சாம்பலில் தேடிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றினேன். சாம்பலையும் அவளே கூடையில் வாரிக்கொண்டு எங்கோ போய்விட்டு வந்தாள்.

அன்றைக்கே தன் தம்பியிடம், “ஒனக்கு என் பொண்ணத் தர மாட்டேன்டா. வேற எடம் பாத்துக்க,” என்று சொல்லிவிட்டாள். மாமா கோபித்துக்கொண்டு வருஷக்கணக்கில் எங்கள் படி ஏறவில்லை. அப்பா பேசிப் பார்த்துத் தோற்றார். அது எனக்குப் பெரிய விடுதலை. ஆனால் பள்ளிக்கூடம் என்று நான் ஞாபகப்படுத்தியபோது, “வேணாம். எங்கூட நடவுக்கு வா,” என்றாள்.

“நீதான இட்டுக்கினு போறேன்னு சொன்ன?”

“சொன்னன். இப்ப வேணான்றேன்.”

அவ்வளவுதான், காரணம் கிடையாது. நடவில் அவளுக்குப் பக்கத்து வரிசை எனக்கு. கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, தண்ணீருக்கு அவளே போவாள். ஏரிப் பேச்சே கூடாது. கொல்லைக்கு ஒதுங்கினால்கூட வேலியோரம் வந்து நிற்பாள். வீட்டில் தாம்புக்கயிறு எதையும் கண்ணில் படும்படி வைக்க மாட்டாள். தூங்கும்போது தன் முந்தானையை என் மணிக்கட்டில் முடிந்துகொள்வாள். இருபது வயதில் திண்டிவனத்தில் கல்யாணம் ஆகி வரும்வரை ஏழு வருஷம் இப்படி. பெரிய மனுஷியான பெண் கெட்டுப் போய்விடுவாள் என்று பயம் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். என் மேல் இவ்வளவு சந்தேகமா என்று உள்ளுக்குள் வெந்துகொண்டே இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா போன பிறகு அவளை அழைத்து வந்து வைத்துக்கொண்டேன், சோறு போட்டேன், மருந்து கொடுத்தேன். பேச்சு மட்டும் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை என் மகள் சென்னையிலிருந்து வந்தாள். வேலை செய்கிற இடத்துச் சிநேகிதிகளோடு செஞ்சிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாளாம். முதுகுப் பையைப் பிரித்துக் கூடத்தில் பரப்பினாள். மடக்குக் கத்தி, எஃகு டம்ளர், உரசினால் பொறி வருகிற ஒரு கம்பி, தார்ப்பாய், நைலான் கயிறு.

“காட்டுல தங்கறது. இதுக்குப் பேரு புஷ்கிராஃப்ட்மா,” என்றாள்.

“எங்க காலத்துல இதுக்குப் பேரு ஊர் சுத்தறது. ஒத வுழும்,” என்றேன்.

வெளியே மழை. செல்போனில் வீடியோ பார்த்து ஜன்னல் கம்பியில் தார்ப்பாயைக் கட்டிப் பழகினாள். மாமாவின் கை அவளுக்கு. கட்டுவதும் அவிழ்வதுமாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கயிற்றை வாங்கினேன். நைலான் வழுக்கியது, ஆனாலும் கை மறக்கவில்லை. முக்காலி மேல் ஏறி ஜன்னலின் மேல் கம்பியில் வரிந்து கட்டி, தொங்கிய முனையில் சுருக்கு ஒன்று போட்டேன். எத்தனை வருஷம் கழித்து! டம்ளரை மாட்டிக் காட்டலாம் என்று கீழே குனிந்தேன்.

“வேணாம்டி!”

கட்டிலை விட்டு இறங்க ஆள் வேண்டும் அம்மாவுக்கு. எண்பதை நெருங்குகிறாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்து வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். “வேணாம்டி கண்ணு. எறங்கு. எறங்குடி.”

நான் இறங்கினேன். அவள் என் மகளைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

“ஒங்கம்மாவ தனியா உடாதடி. ஒனக்குத் தெரியாது. பதிமூணு வயசுல குடிசைக்குள்ள சுருக்கு மாட்டிக்கினா. கூடையக் கவுத்துப் போட்டு, பக்கத்துல கத்தி வேற. முந்தாநாளுதான் செத்துப் போறேன்னு கத்தனா. சோத்த வச்சிக்கினு போய்ப் பாத்தா, மேல கயிறு தொங்குது, கீழ இவ கண்ண மூடிக்கினு கெடக்கறா. மூச்சு இருக்குதான்னு நான் வாசல்லியே குந்திக்கினு பாத்துக்கினு இருந்தன். யார் கிட்டயும் சொல்லல. சொன்னா பொண்ணு பேரு கெட்டுடும். அந்தக் கத்திய நான்தான் கெணத்துல போட்டேன்.”

முக்காலியில் உட்கார்ந்தேன். அரிவாள், கிணறு, முந்தானை முடிச்சு, பள்ளிக்கூடம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? இது எதுக்குடி என்று அன்றைக்கே கேட்டிருந்தால் நான் பத்தாவது முடித்திருப்பேன், அதற்கு மேலும் படித்திருப்பேன். ஏழு வருஷத்தை ஒரு டின் தண்ணீருக்காகப் பறிகொடுத்தேனா? சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேத்தியிடம் சொன்னாள்.

“நான் எழுத்து படிக்காதவ. ஒலகத்துல ஒண்ணும் பெருசா கிழிச்சிடல. இவள உயிரோட வச்சிருந்தேன். அது ஒண்ணுதான் நான் ஒழுங்கா பண்ணது.”

மகள் என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. “அம்மா, நெஜமாவா?”

“ஆமா,” என்றேன்.

நான் நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவே. அன்றிலிருந்து நாங்கள் பேசுகிறோம். மாத்திரை வேண்டாம் என்று அவள் அடம்பிடிப்பதும், நான் திட்டுவதுமாக வீட்டில் சத்தம் இருக்கிறது. மத்தியானத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். நான் எழுந்தால் விழித்துக்கொள்கிறாள். அவள் தூங்கும்வரை கடைத்தெருவுக்குக்கூட என்னால் போக முடிவதில்லை.

மகள் அன்றைக்குக் கூடாரத்துக்குப் போகவில்லை. மறுநாள் கிளம்பும்போது கத்தியையும் கயிற்றையும் மறக்காமல் பையில் வைத்துப் பூட்டினாள். கொல்லையில் துணி உலர்த்துகிற கொடியையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பதைத் துணி துவைத்த பிறகுதான் பார்த்தேன். தினம் மூன்று வேளை போன் செய்கிறாள். “சாப்டியாம்மா? தூங்கினியா? மனசு எப்டி இருக்குது?” என்று ஒரு புதுக் குரலில் கேட்கிறாள். நான் எடுக்கத் தாமதமானால் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டுகிறார். எதற்கு வந்தோம் என்று சொல்லாமல் சர்க்கரை கேட்கிறார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன். மகள் கண்ணில் பட்டால் படட்டும். எட்டாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அது தண்ணீர் மொள்ளுகிற கயிறு.